பாலும் கிழங்கும்

ஜனவரி 6, செவ்வாய்

டாக்டர் ஷீபா இந்த நோட்டை எழுதச் சொல்லியிருக்கிறார். தரணி தினமும் என்ன சாப்பிடுகிறாள், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று நான் குறித்துவைக்க வேண்டுமாம். 21ஆம் தேதி நோட்டோடு வர வேண்டும். அதற்குள் எடை ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் உணவு கொடுக்க முடியும், இதயம் இதற்கு மேல் தாங்காது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். தரணி பக்கத்தில் உட்கார்ந்து, யாரையோ பற்றிப் பேசுவதைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கே சாப்பாட்டுப் பாடம்! பொள்ளாச்சியில் 'அக்னி வகுப்பு' கலாமணி என்றால் ஆட்டோக்காரர் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். ஏழு வருஷமாக, சனிக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டு ஹாலில், வயிற்றில் செரிக்கும் நெருப்பு, அதாவது அக்னி, அணையாதபடி ஆயுர்வேத முறைச் சமையல் சொல்லித் தருகிறேன். வாட்ஸ்அப் குழுவில் முன்னூறு பெண்கள். அவர்கள் வீட்டில் சர்க்கரை குறைந்திருக்கிறது, மூட்டு வலி போயிருக்கிறது. என் வீட்டில் என் ஒரே மகள், பத்தொன்பது வயது, வளையல் முழங்கை வரைக்கும் ஏறும்படி நிற்கிறாள். எல்லாம் கோயமுத்தூர் ஹாஸ்டல் சாப்பாடு செய்த வேலை. டாக்டரிடமும் அதைத்தான் சொன்னேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை.

இன்று தரணி சாப்பிட்டது: காலை, சுக்கு வெந்நீர் அரை டம்ளர். மதியம், குழைந்த சோறு நான்கு ஸ்பூன், பாசிப்பருப்பு ரசம். மாலை, வெந்நீர். அதோடு சரி.

ஜனவரி 7, புதன்

சோறு மூன்று ஸ்பூன். தரணி ஹாஸ்டலைக் காலி செய்து கொண்டுவந்த போர்வைகளை ஊறப்போட்டுத் துவைத்தேன், மூன்று தண்ணீர் அலசியும் நுரை போகவில்லை.

ஜனவரி 8, வியாழன்

வீட்டுக்காரர் தென்னை நார் மில்லில் இருந்து வரும்போது பேக்கரியில் தேங்காய் பன் வாங்கி வந்தார். சின்ன வயதில் தரணி அதற்காகத் தெருமுனை வரை ஓடுவாள். அவள் முன்னால் பொட்டலத்தைப் பிரித்துவைத்துவிட்டு, "ஒரு வாய் மட்டும் சாமி, அப்பாவுக்காக" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தரணியே பொறுமையாகச் சொன்னாள்: மைதா குடலில் ஒட்டும், பொழுது சாய்ந்தபின் இனிப்பு கபத்தைக் கூட்டும், நெய் அல்லாத கொழுப்பு அக்னியை அவிக்கும். ஒரு சொல் தடுமாறவில்லை. வகுப்பில் ஏழு வருஷம் உட்காருகிறவர்களுக்குக்கூட இவ்வளவு தெளிவு வராது.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மறைப்பானேன். இவர் பன்னைத் தானே தின்றுவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தார். சத்தம் வைக்கவில்லை, படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

தரணி: காலை வெந்நீர். மதியம் சோறு மூன்று ஸ்பூன், நெய் வேண்டாம் என்றுவிட்டாள்.

ஜனவரி 10, சனி

வகுப்பு. பொங்கல் வருகிறது, சந்தையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு குவிந்து கிடக்கிறது, அதனால் கிழங்கு அல்வா. ஒரு கல்லில் இரண்டு மாங்காய், தரணிக்கும் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். உடம்பு தேறுவதற்கு இதைவிட நல்ல இனிப்பு கிடையாது. கிழங்கைத் தோலோடு வேகவைத்து, உரித்து, நாரை எடுத்து மசித்து, பசு நெய்யில் வதக்கி, நாட்டுச் சர்க்கரைப் பாகில் சுருள விட வேண்டும். கிழங்கு கனத்த பொருள், வயிற்றில் மந்தமாக உட்காரும். நெய்யும் சுக்குப் பொடியும் சேர்ந்தால்தான் அக்னி அதைப் பிடிக்கும். சாப்பாடு முடிந்தபின் இனிப்பு தின்பது தப்பு. நல்ல பசியில், உச்சி வெயில் நேரத்தில், முதல் கவளமாகத் தின்ன வேண்டும். இவ்வளவையும் சொல்லிக்கொண்டே கிளறினேன், கை ஓயவில்லை.

துளசிமணி என்று ஒருத்தி, புதிதாகச் சேர்ந்தவள், தன் அம்மா இந்த அல்வாவில் பால் ஊற்றிக் காய்ச்சுவாள், மெத்தென்று இருக்கும், நாம் ஏன் ஊற்றுவதில்லை என்று கேட்டாள். நான் பதில் சொல்லுமுன் உள் அறையில் இருந்து தரணியின் குரல் வந்தது. பாலும் கிழங்கும் விருத்தம், அதாவது சேரக் கூடாத சேர்க்கை, இரண்டும் வயிற்றில் சேர்ந்தால் ரத்தம் கெட்டுப்போகும் என்றாள். பெண்கள் எல்லாம் கைதட்டினார்கள். கலாக்காவுக்கு வாரிசு வந்தாச்சு என்றார்கள்.

வகுப்பு முடிந்து ஒரு கிண்ணத்தில் அல்வாவை எடுத்துக்கொண்டு போனேன். காலையில் குடித்த கஞ்சி இன்னும் செரிக்கவில்லை, முன்னது செரிக்காமல் அடுத்ததைத் தொடக் கூடாது என்றாள். கஞ்சி குடித்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. வாதாடலாம் என்று பார்த்தேன், ஆனால் அது நான் சொன்னதுதான்.

தரணி: கஞ்சி அரை டம்ளர்.

ஜனவரி 11, ஞாயிறு

அல்வாவைப் புதிதாகக் கிளறி, சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் கொண்டுபோனேன். வயிறு காலியாக இருந்தது, பசிக்கிறது என்று அவளே ஒப்புக்கொண்டாள். ஜன்னலைப் பார்த்தாள். வெளியே மூடாக்குப் போட்டிருந்தது.

"மேகம் இருக்கிற நாள்ல அக்னி மந்தம்மா. இனிப்பு வேண்டாம்னு நீதானே சொல்லியிருக்கே."

மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. நாற்பத்தெட்டு வயதுப் பொம்பளை, கையில் அல்வாக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்த்தபடி ஒரு மணி நேரம் நின்றால் அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள்? இரண்டு மணிக்கு லேசாக வெயில் அடித்தது. ஓடி இறங்கினேன். உச்சி தாண்டிவிட்டதே என்றாள்.

ஜனவரி 13, செவ்வாய்

குளியலறையில் விழுந்துவிட்டாள். சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை, பக்கெட் உருண்ட சத்தம்தான். தூக்கினேன். நானே, தனி ஆளாக, ஒரு கையால் தூக்கிவிட்டேன். அதைத்தான் தாங்க முடியவில்லை.

டாக்டருக்குப் போன் போட்டேன். எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள், அல்வாவென்றால் அல்வா, அதில் பாலை ஊற்றி நெய்யை ஊற்றிக் கொடுங்கள் என்றார். பாலும் கிழங்கும் சேரக் கூடாது டாக்டர் என்று விளக்கினேன். அவர், "நீங்க சொல்றதக் கேட்டீங்களா கலாமணி?" என்று மட்டும் கேட்டுவிட்டு, 21ஆம் தேதியை ஞாபகப்படுத்தினார்.

இதைப் படிக்கப்போவதும் நீங்கள்தான் டாக்டர். நீங்கள் உங்கள் படிப்பைப் படித்தீர்கள், நான் என்னுடையதைப் படித்தேன். அவ்வளவுதான் சொல்வேன்.

ஜனவரி 14, புதன், போகி

வீடு ஒழித்தேன். பரண், பீரோ, கட்டிலடி எல்லாம். தரணியின் கட்டிலுக்கு அடியில் செருப்புப் பெட்டியில் ஒரு நீள நோட்டு. எட்டாம் வகுப்பில் ஆரம்பித்து எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் தேதி போட்டு, நான் வகுப்பில் சொன்னதெல்லாம் எண் வாரியாக. அட்டையில், 'அம்மா சொன்னவை'. இருநூற்றுப் பன்னிரண்டு விதிகள். பால் சேராத கிழங்கு முப்பத்தொன்றாம் விதி.

கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ஆனால் சிலவற்றைப் படித்தால் நான் எப்போது சொன்னேன் என்றே ஞாபகம் வரவில்லை. 'கோபமாக இருப்பவர் சமைத்ததைத் தின்றால் பித்தம்.' 'யாராவது பார்க்கும்போது தின்றால் உடம்பில் சேராது.' 'ஒரு வேளை விட்டாலும் கெடுதல் இல்லை, தப்பாகத் தின்பதுதான் கெடுதல்.'

பழைய துணியோடு இதையும் போட்டுக் கொளுத்தியிருக்கலாம். கொளுத்தவில்லை. என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் பொங்கியது. தரணி ஐந்து பருக்கை.

ஜனவரி 17, சனி

உறவில் காரியம் என்று குழுவில் போட்டு வகுப்பை ரத்து செய்தேன். இவரிடம் தரணியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு பாலக்காட்டுக்குப் பஸ் ஏறினேன். ஸ்ரீலதா டாக்டர் அங்கே ஆயுர்வேத வைத்தியம் பார்க்கிறார். என்னைவிட நான்கு வயது சின்னவர். ஏழு வருஷத்துக்கு முன் அவர் நடத்திய பத்து நாள் முகாமில்தான் நான் கற்றுக்கொண்டேன். பால் ஊற்றாமலே எடை ஏற்றும்படி அல்வாவை எப்படிச் செய்வது என்று கேட்கத்தான் போனேன்.

தரணியைப் பற்றிச் சொன்னேன். நோட்டைக் கொடுத்தேன். முதல் இரண்டு பக்கம் படித்தார், மூன்றாவதைப் புரட்டினார், மூடிவிட்டார். பாலோடு முள்ளங்கி சேர்க்காதே என்றுதான் முகாமில் சொன்னதாகவும், கிழங்கு என்று தான் சொல்லவே இல்லை என்றும் சொன்னார். மேக நாள், பார்வை படுவது, இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். நான் எங்கோ படித்ததாகச் சொன்னேன். நம்பவில்லை, விடவும் இல்லை.

"பயந்துக்கிட்டே சாப்பிட்டா, எவ்வளவு பத்தியமா இருந்தாலும் செரிக்காதுன்னு முதல் நாளே சொன்னேனே கலாமணி. அத எழுதிக்கலையா நீங்க?"

அந்த ஒன்று நோட்டில் இல்லை. பஸ்ஸில் வரும்போது இருநூற்றுப் பன்னிரண்டையும் தேடிப் பார்த்துவிட்டேன்.

சரி. எழுதிவிடுகிறேன். பத்து நாள் முகாமில் எத்தனை விதி கிடைக்கும்? மிஞ்சிப்போனால் முப்பது. மூன்று மாதத்தில் தீர்ந்துபோனது. சனிக்கிழமை ஆனால் ஹால் நிறையப் பெண்கள், நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, "இன்னைக்கு என்னங்க்கா புதுசு?" என்று கேட்பார்கள். பன்னிரண்டாம் வகுப்போடு கட்டிக்கொடுக்கப்பட்டவள் நான். அதுவரை என் வாயைப் பார்த்து எவளும் எதுவும் எழுதிக்கொண்டதில்லை. ஒரு சனிக்கிழமை கையில் கிழங்கை வைத்துக்கொண்டு நின்றேன், சொல்ல ஒன்றும் இல்லை. இதோடு பால் சேரக் கூடாது என்றேன். ஏன் என்றார்கள். ரத்தம் கெடும் என்றேன். எல்லோரும் குனிந்து எழுதினார்கள். ஹால் ஓரத்தில் பாயில் உட்கார்ந்து தரணியும் எழுதியிருக்கிறாள்.

அப்புறம் வாரத்துக்கு ஒன்று, முகாமில் கேட்டது எப்போதாவது ஞாபகம் வந்தால் அதையும் நடுவில் கலந்து. கஷ்டமாகவே இல்லை.

ஜனவரி 18, ஞாயிறு

நேற்று எழுதிய பக்கத்தைக் கிழிக்க இரண்டு முறை கை போனது.

இவரிடம் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டே சொன்னேன், முகத்தைப் பார்க்க வேண்டாம் பாருங்கள். முடித்ததும், "அப்ப நான் ஏழு வருசமா ராத்திரி தயிரத் தொடாம இருந்தது?" என்று கேட்டார். அது நிஜமானதுங்க என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். எழுந்து போய் தரணியின் அறை வாசலில், உள்ளே போகாமல், நின்றுகொண்டிருந்தார்.

தரணி: வெந்நீர். கேட்டதற்குத் தலையைக்கூட அசைக்கவில்லை, அசைத்தால் சக்தி போய்விடும் என்பதைப் போல.

ஜனவரி 19, திங்கள்

பால் ஊற்றி அல்வா கிளறினேன். எருமைப் பால், கெட்டியாக. பாலும் கிழங்கும் சேர்ந்து கொதிக்கும் வாசனை இந்த வீட்டுக்குப் புதிது. நெய் பிரிந்து, சட்டியை விட்டுத் திரண்டு வந்தது. பன்னிரண்டு மணி, நல்ல வெயில்.

கிண்ணத்தையும் அவளுடைய நோட்டையும் கட்டிலில் வைத்தேன். நோட்டைப் பார்த்ததும் முகம் மாறியது. எல்லாவற்றையும் சொன்னேன். முகாம், முப்பது விதி, பெண்கள் கேட்டது, நான் இட்டுக்கட்டியது. அழக் கூடாது என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன், அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. மேசையில் இருந்த பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நீயா சொன்னதையெல்லாம் அடிச்சுக் குடு. மிச்சம் இருக்கிறத வச்சு நான் சாப்பிட்டுக்கறேன்."

எனக்கு உயிரே வந்தது. முப்பத்தொன்றை அடித்தேன். மேக நாளை அடித்தேன். பார்வை படுவதை அடித்தேன். அதற்கடுத்தது, தேனைச் சுடவைக்கக் கூடாது, அது ஸ்ரீலதா சொன்னது, நிச்சயம். அடுத்தது? செவ்வாழையை வெயில் காலத்தில் தின்பது. ஸ்ரீலதாவா, நானா? அடுத்தது? கொள்ளும் வெல்லமும்? முதல் தடவை சொன்னபோது பொய் என்று தெரிந்துதான் சொல்லியிருப்பேன். இருபது தடவை சொன்னபின் எனக்கே தெரியாமல் போயிருக்கிறது. மூன்றாவது பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. அவள் காத்துக்கொண்டே இருந்தாள், நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தபடி.

கடைசியில் நோட்டை மூடி, எல்லாமே பொய் கண்ணு, மொத்தமும் பொய், விட்டுத் தொலை என்றேன்.

"நிஜம்னு சொன்னதும் நீதான். பொய்னு சொல்றதும் நீதான். நான் எந்த அம்மாவ நம்பட்டும்?"

கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி, அப்படியென்றால் நீயே முதலில் சாப்பிடு என்றாள். இவ்வளவுதானா என்று ஸ்பூனை எடுத்தேன். வாயருகே கொண்டுபோய்விட்டு, கிண்ணத்திலேயே திரும்ப வைத்தேன். ஏழு வருஷமாகப் பாலையும் கிழங்கையும் நான் சேர்த்துத் தொட்டதில்லை. நானே உருவாக்கிய பொய் அது, எந்தச் சனிக்கிழமை, எந்தப் புடவை கட்டியிருந்தேன் என்பதுவரை தெரியும், ஆனாலும் எனக்குப் பயமாக இருந்தது. தரணி பார்த்துவிட்டாள். அவளிடம் மறைக்க முடியாது, தின்னப் பயப்படுகிற முகம் எப்படி இருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்.

விழுங்கினேன். கிண்ணம் முழுவதும், வழித்து விழுங்கினேன். ஒன்றும் ஆகவில்லை பார் என்றேன். அரை மணி நேரம் அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை பார் என்று மறுபடியும் சொன்னேன்.

"உடனே தெரியாதும்மா. விருத்தம் பத்து வருசம் உள்ளயே கிடந்து, அப்பறந்தான் காட்டும்னு சொல்லியிருக்கே."

சொல்லியிருக்கிறேன்தான். எனக்கு ஒன்றும் ஆகலையே என்று வகுப்பில் எவளாவது மடக்கும்போதெல்லாம் அதைச் சொல்லித்தான் வாயடைத்தேன். தரணி என்னை மடக்குவதற்காகச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, நிஜமான கவலையோடு சொன்னாள்: "இனிமே சாப்பிடாதே. உனக்கு ஏதாச்சும் ஆயிரும்."

அவள் விரல்கள் ஐஸாக இருந்தன.

ஜனவரி 20, செவ்வாய்

தரணி: ஒன்றுமில்லை. தண்ணீர் மட்டும்.

குழுவில் வாய்ஸ் மெசேஜ் போட்டேன். நான் சொன்னதில் பெரும்பாலானவை என் சொந்தச் சரக்கு, மன்னித்துவிடுங்கள், இனி வகுப்பு இல்லை என்று. பத்து நிமிஷத்தில் நாற்பது பேர் கேட்டுவிட்டார்கள். யாரும் திட்டவில்லை. துளசிமணி மட்டும் பதில் போட்டாள்: "அப்ப கிழங்கு அல்வாவுக்குப் பால் எவ்வளவு ஊத்தறதுங்க்கா?"

போனை அணைத்து வைத்துவிட்டேன்.

ஜனவரி 21, புதன்

எடை இன்னும் இறங்கியிருந்தது. டாக்டர் ஷீபா இந்த நோட்டை வாங்கி, நாங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே 17ஆம் தேதி வரைக்கும் படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் பக்கம் வைத்துவிட்டு, அட்மிஷன் பாரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். வீட்டுக்காரர்தான் போட்டார். நோட்டைத் திருப்பித் தந்து, தொடர்ந்து எழுதுங்கள் என்றார்.

குழாய் போடும்போது என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். வராந்தாவில் உணவு ஆலோசகர் வந்தார், சின்னப் பெண், கையில் ஒரு தாள். குழாய் வழியாக என்னென்ன கொடுக்கப்போகிறோம், எதில் எது கலந்திருக்கிறது என்று அம்மாவுக்குச் சொல்லிவிடுவது வழக்கமாம். தாளை என்னிடம் நீட்டினார். ஏழு வருஷத்தில் யார் எதைத் தட்டில் வைத்தாலும் இதில் என்ன சேர்த்திருக்கிறது என்று கேட்காமல் நான் இருந்ததில்லை. கல்யாண வீட்டில் சமையல்காரரைக் கூப்பிட்டுக் கேட்டவள் நான். தாளை வாங்கவில்லை. சொல்லவும் வேண்டாம் மேடம் என்றேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

உள்ளே விட்டார்கள். மூக்கில் பிளாஸ்திரி ஒட்டி, கன்னத்தின் மேலாகக் குழாய் போனது. மேலே தொங்கிய பையில் வெள்ளையும் மஞ்சளுமாகக் கலந்த ஏதோ ஒன்று, சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. தரணி பையைப் பார்த்தாள். ஒரு கை குழாயின் மேல் இருந்தது. லேசாகப் பிடித்திருந்தாள், இழுத்தால் வந்துவிடும். நர்ஸ் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதுல என்னென்ன கலந்திருக்கும்மா?"

"தெரியாது கண்ணு. நான் கேட்டுக்கல."

தரணி என் முகத்தையே பார்த்தாள். எத்தனை நேரம் என்று தெரியவில்லை, நான் கண்ணை எடுக்கவில்லை. அல்வா ஸ்பூனைப் பிடித்த அன்று பார்த்த பயத்தைத் தேடினாள். எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. குழாயிலிருந்து கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

தரணி சாப்பிட்டது: பையில் பாதி. என்ன என்று தெரியாது.